எதிரே ஆளில்லாத சீட்டாட்டம்

'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்: த கார்டு கேம்' பலர் கூட்டுச் சேர்ந்து ஆடும் சாகசச் சீட்டாட்டம். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஃபேன்டசி ஃபிளைட் கேம்ஸ் நிறுவனம் 2011-இல் இதை வெளியிட்டது. வடிவமைத்தவர் நேட் ஃபிரெஞ்ச். ரம்மியில் ஒருவர் ஜெயிக்க வேண்டுமானால் மற்றவர்கள் தோற்றாக வேண்டும். இங்கே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் எல்லோரும் ஒரே கட்சி. ஜெயிப்பதும் ஒன்றாக, தோற்பதும் ஒன்றாக. எதிர்க்கட்சி என்று இருப்பது கலைத்துக் கவிழ்த்து வைத்த ஒரு சீட்டுக்கட்டு மட்டுமே. அந்தக் கட்டுக்கு மூளை இல்லை, கோபமில்லை, திட்டமில்லை. இந்த ஆட்டத்தின் சிறப்புகளில் பெரும்பாலானவையும் குறைகளில் பெரும்பாலானவையும் இந்த ஒரே ஏற்பாட்டிலிருந்துதான் கிளைக்கின்றன.

கதைக்களம் ஆங்கில எழுத்தாளர் ஜே. ஆர். ஆர். டோல்கீனுடையது. 1937-இல் வந்த 'தி ஹாபிட்', 1954-55-இல் மூன்று பாகங்களாக வந்த 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' ஆகிய நாவல்களில் அவர் படைத்த நடு உலகம் அது. எல்லோருக்கும் தெரிந்த கதையை ஆட்டமாக மாற்றுவதில் ஒரு சங்கடம் உண்டு. நாவலை அப்படியே பின்தொடர்ந்தால் ஆடுபவருக்குச் செய்ய ஒன்றும் மிஞ்சாது. மோதிரம் எரிமலைக்குப் போய்ச் சேரும் என்பது ஊரறிந்த முடிவு. வடிவமைப்பாளர்கள் இதற்கு நல்ல வழி கண்டார்கள். பில்போ தன் 111-ஆவது பிறந்தநாளைக் கொண்டாடியதற்கும், ஃபுரோடோ மோதிரத்தோடு ஊரைவிட்டுக் கிளம்பியதற்கும் இடையில் 17 ஆண்டுகள் ஓடுகின்றன. நாவல் அந்த ஆண்டுகளைச் சில பக்கங்களில் கடந்துவிடுகிறது. அடிப்படை ஆட்டம் அந்த இடைவெளியில் நடக்கிறது. அரகார்ன், கிம்லி, லெகோலாஸ், எயோவின் எல்லோரும் அப்போது உயிரோடு இருந்தவர்கள்தான். ஆனால் அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று டோல்கீன் முழுதாகச் சொல்லவில்லை. நாவலில் சந்தித்தே இராத இருவரை ஒரு பயணத்தில் சேர்த்து அனுப்பினாலும் கதைக்குப் பங்கம் வராது.

விற்பனை முறையிலும் இந்த ஆட்டம் பழைய வழியிலிருந்து விலகியது. 1993-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்த 'மேஜிக்: த கேதரிங்' ஆட்டத்தில் சீட்டுகள் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பொட்டலங்களாக விற்கப்பட்டன. வேண்டிய சீட்டு கிடைக்கும்வரை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும், அல்லது அரிய சீட்டுக்கு அதிக விலை தர வேண்டும். ஃபேன்டசி ஃபிளைட் இதற்கு மாற்றாக 'லிவிங் கார்டு கேம்' என்ற முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் என்னென்ன சீட்டுகள் உண்டு என்பது முன்கூட்டியே தெரியும். எல்லாப் பெட்டியும் ஒன்றுபோலவே இருக்கும். அதிர்ஷ்டப் பொட்டலச் செலவு இதனால் ஒழிந்தது. செலவே ஒழிந்துவிட்டதா என்பது வேறு கேள்வி.

ஆட்டத்தின் உள்ளமைப்பு இது. ஒவ்வொருவரும் மூன்று நாயகர்கள் வரை தேர்ந்துகொள்கிறார்கள். அவர்களுக்கு உதவியாகக் குறைந்தது 50 சீட்டுகள் கொண்ட ஒரு கட்டைத் தாங்களே தொகுக்கிறார்கள். அதில் எந்தச் சீட்டும் மூன்று படிகளுக்கு மேல் இருக்கக்கூடாது. நாயகர்கள் தலைமை, போர்த்தந்திரம், ஆன்மவலிமை, அறிவு என நான்கு துறைகளில் அடங்குவர். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு நாயகரும் ஒரு வள வில்லையைப் பெறுகிறார். கையிலிருக்கும் துணைவர்களையும் ஆயுதங்களையும் மந்திரங்களையும் இறக்க அந்தந்தத் துறையின் வில்லைகளே செலவாகும். அறிவுத்துறை நாயகரிடம் வளம் குவிந்து கிடந்தாலும் போர்த்தந்திரச் சீட்டை அதைக் கொண்டு இறக்க முடியாது.

பிறகு பயணம். யார் யார் முன்னேறப் போகிறார்கள் என்று முதலில் தீர்மானித்து, அவர்களுடைய சீட்டுகளைப் பக்கவாட்டில் சாய்த்துவிட வேண்டும். அதன் பின்னர்தான் எதிர்க்கட்டிலிருந்து ஆளுக்கு ஒரு சீட்டு திறக்கப்படும். அது ஒரு பகைவனாக இருக்கலாம், கடக்க வேண்டிய இடமாக இருக்கலாம், எதிர்பாராத சதியாகவும் இருக்கலாம். முன்னேறுவோரின் மனவுறுதி எண்களைக் கூட்டி, எதிரே காத்திருக்கும் பகைவர்கள், இடங்களின் அச்சுறுத்தல் எண்களோடு ஒப்பிட வேண்டும். கூடினால் பயணம் நகரும். குறைந்தால், குறைந்த அளவுக்கு ஒவ்வொருவருடைய அபாய எண்ணும் ஏறும். யாரும் தவறு செய்யாவிட்டாலும் சுற்று முடிவில் அது ஒன்று ஏறத்தான் செய்யும். 50-ஐத் தொட்டவர் ஆட்டத்தை விட்டு வெளியேற வேண்டும்.

சாய்த்த சீட்டு அந்தச் சுற்றில் பொதுவாக வேறு எதற்கும் பயன்படாது. முன்னேறப் போனவர் தடுக்க முடியாது. தடுத்தவர் திருப்பி அடிக்க முடியாது. வருவது என்னவென்று தெரியாமலேயே, யாரை முன்னால் அனுப்பி யாரைக் காவலுக்கு நிறுத்துவது என்று முடிவெடுத்தாக வேண்டும். இதைப் போல எளிமையான, இதைப் போல நெஞ்சை அழுத்தும் விதி கூட்டு ஆட்டங்களில் அபூர்வம். எயோவினின் மனவுறுதி 4. வாளெடுத்தால் அவளுடைய தாக்குதல் 1 தான். அவளை எங்கே நிறுத்த வேண்டும் என்பதில் குழப்பமில்லை. அரகார்னின் எண்கள் மனவுறுதி 2, தாக்குதல் 3, தடுப்பு 2. எல்லா இடத்திலும் அவன் வேண்டும். முன்னேறச் சாய்ந்ததும் ஒரு வில்லை கொடுத்தால் அவன் மறுபடி நிமிர்ந்துகொள்வான். நாவலில் ஓய்வறியாமல் அலையும் அந்த மனிதன் சீட்டில் வெறும் படமாக நிற்காமல் விதியாகவே வாழ்கிறான். உரையாடலோ வருணனையோ இல்லாமல் கணக்கிலேயே பாத்திரத்தைக் காட்டும் இந்தத் திறமைதான் ஆட்டத்தின் தலைசிறந்த பண்பு.

முதல் பெட்டியின் இரண்டாவது சாகசம் இதற்கு நல்ல சான்று. ஆண்டுயின் ஆற்றின் வழியே பயணம். தொடக்கத்திலேயே ஒரு மலைப்பூதம் எதிரே காத்து நிற்கிறது. அதன் தாக்குதல் 6, தடுப்பு 3, உயிர் 9. அதன் மோதல் எண் 30. ஆடுபவரின் அபாய எண் 30-ஐ எட்டும்வரை பூதம் தானாக மேலே பாயாது. எட்டிய சுற்றில் இறங்கிவிடும். நாயகர்களின் அபாய எண்களைக் கூட்டினால் வருவதே தொடக்க அபாயம். தலைமைத்துறையின் மூவரான அரகார்ன், தியோட்ரெட், குளோயினுக்கு அது 12, 8, 9, ஆக 29. முதல் சுற்றில் பூதம் அசையாது. சுற்று முடிவில் எண் 30 ஆகும். இரண்டாம் சுற்றில் அது வந்து நிற்கும். ஆன்மவலிமைத்துறையின் மூவரோடு கிளம்பியவருக்குத் தொடக்கம் 24. முன்னேற்றத்தில் சறுக்காதவரை ஆறு சுற்றுகள் அவர் பூதத்தின் கண்ணில் படாமல் நடமாடலாம். வலிமையானவர்கள் பகையின் பார்வையில் சீக்கிரம் படுவார்கள், எளியவர்கள் மறைந்து நடக்கலாம் என்ற டோல்கீனின் எண்ணம் ஒரு கூட்டல் கணக்காக இங்கே மாறியிருக்கிறது.

பூதம் வந்த பிறகு என்ன செய்வது? அரகார்ன் தடுத்தால் 6-இல் 2 போக 4 காயம். அவனுடைய உயிர் 5, ஒன்று மிஞ்சும். ஆனால் தாக்கும் ஒவ்வொரு பகைவனுக்கும் எதிர்க்கட்டிலிருந்து ஒரு 'நிழல்' சீட்டு கவிழ்த்து வைக்கப்படுகிறது. தடுப்பவரை அறிவித்த பிறகே அது திறக்கப்படும். அதில் தாக்குதல் ஒன்று கூடும் என்றிருந்தால் அரகார்ன் மாண்டான். சரி, ஒரு வில்லை விலையுள்ள ஸ்னோபோர்ன் சாரணனை முன்னே தள்ளலாம். அவனுக்குத் தடுப்பு 1, உயிர் 1. மிஞ்சிய 4 காயமும் பூதத்தின் தனி விதிப்படி ஆடுபவரின் அபாய எண்ணில் ஏறிவிடும். எளியவனைப் பலியாக்கித் தப்பிப்பதற்கும் ஒரு விலை உண்டு.

இன்னொரு வழி, கண்டால்ஃப். ஐந்து வில்லை விலையுள்ள துணைவர். எந்தத் துறையாரும் இறக்கலாம். மேசைக்கு வரும்போது மூன்று சீட்டு எடுக்கலாம், அல்லது ஒரு பகைவனுக்கு 4 காயம் தரலாம், அல்லது அபாயத்தை 5 குறைக்கலாம். சுற்று முடிந்ததும் போய்விடுவார். தலைமைத்துறையில் 'ஸ்னீக் அட்டாக்' என்று ஒரு வில்லைச் சீட்டு உண்டு. கையிலிருக்கும் துணைவரை அது அந்தக் கட்டத்துக்கு மட்டும் இலவசமாக இறக்கி, கட்டம் முடிந்ததும் கைக்கே திருப்பிவிடும். ஒரு வில்லைக்குக் கண்டால்ஃப்! அவர் வந்ததும் பூதத்துக்கு 4 காயம். அடியையும் அவரே தடுத்துக்கொள்கிறார். மூன்று நாயகர்களும் நிமிர்ந்து நின்றிருந்தால் சேர்ந்து 7 அடி. பூதத்தின் தடுப்பு 3 போக 4. மொத்தம் 8. பூதத்துக்கு உயிர் 9. ஒன்று குறைகிறது. அந்த ஒன்றை எங்கிருந்து கொண்டுவருவது என்று மேசை முழுதும் தலையைச் சொறியும் நிமிடத்துக்காகத்தான் பலர் இதை ஆடுகிறார்கள்.

கூட்டு ஆட்டங்களுக்கு ஒரு பொதுநோய் உண்டு. கூட்டத்தில் கெட்டிக்காரர் ஒருவர் எல்லோருடைய முறையையும் தானே ஆடிவிடுவார். மற்றவர்கள் அவர் சொன்ன சீட்டை நகர்த்தும் கைகளாகிவிடுவார்கள். 2008-இல் வந்த மாட் லீக்காக்கின் 'பேன்டமிக்' ஆட்டத்தில் இது அடிக்கடி நேரும். இங்கே அந்த நோய்க்கு இரண்டு தடுப்பு மருந்துகள் இருக்கின்றன. திட்டங்களை எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் கையிலுள்ள சீட்டின் பெயரைச் சொல்லவோ அதை வாசித்துக் காட்டவோ கூடாது. 'இந்த அடியை என்னால் சமாளிக்க முடியும், என்னை நம்பு' என்று சொல்லலாம், அவ்வளவுதான். இரண்டாவது, ஒவ்வொருவரின் கட்டும் அவரவர் தொகுத்தது. அதன் நெளிவுசுளிவுகள் தொகுத்தவருக்கே தெரியும். அதோடு, அடுத்தவரைத் தாக்க வரும் பகைவனை எல்லோரும் தடுத்துவிட முடியாது. அரகார்னைப் போலக் காவல் தகுதி உள்ளவர்களுக்கே அந்த உரிமை. எட்டி அடிப்பது லெகோலாஸ் போன்ற வில்லாளிகளுக்கு மட்டும். உதவி அரிதாக இருப்பதால் உதவியின் அருமை தெரிகிறது. பலமுறை ஆடியவர் ஒருவர் புதியவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தால் இந்த மருந்துகளும் முழுதாக வேலை செய்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

எதிரே ஆள் வேண்டாம் என்பதால் தனி ஆளாகவும் இதை ஆடலாம். விதிகளை ஒட்டுப்போட்டு மாற்றத் தேவையே இல்லை. இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு ஒருவர் மட்டும் மேசையில் சீட்டுகளைப் பரப்பி உட்காரலாம். சீட்டாட்டங்களில் இது பெரிய வரம்.

இனி மறுபக்கம். மூளையில்லாத எதிரிக்கு இரக்கமும் இல்லை, அளவும் தெரியாது. மனிதர் எதிரே இருந்தால் புதியவரைக் கண்டு கொஞ்சம் விட்டுக்கொடுப்பார். கட்டு அப்படிச் செய்யாது. முதல் சுற்றிலேயே வலிய பகைவர்கள் அடுத்தடுத்து வந்தால் ஆட்டம் தொடங்கும் முன்பே முடிந்துவிடும். தோற்றவருக்குக் காரணமும் பிடிபடுவதில்லை. சீட்டு வந்த வரிசை சரியில்லையா, கட்டைத் தொகுத்தது தவறா, ஆடியது தவறா? சதுரங்கத்தில் தோற்றவர் தன் காய்நகர்த்தலைத் திரும்பிப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். இங்கே பாடமும் தற்செயலும் பின்னிக் கிடக்கின்றன. நிழல் சீட்டில்தான் இது மிகவும் உறுத்துகிறது. ஒரு மணி நேரம் பொத்திப் பொத்திக் காப்பாற்றிய நாயகரை, பார்க்கவே முடியாத ஒரு சீட்டு கொன்றுவிடும். ஆன்மவலிமைத்துறையின் 'ஹேஸ்டி ஸ்ட்ரோக்' நிழலை ரத்துசெய்யும். அதே துறையின் 'எ டெஸ்ட் ஆஃப் வில்' சதியின் விளைவைத் தடுக்கும். இரண்டுமே அருமையான சீட்டுகள். ஆனால் அவை இத்தனை இன்றியமையாதவை என்பதே ஒரு குறை. அந்தத் துறையை விட்டுவிட்டுக் கிளம்புகிறவர் குடையில்லாமல் ஐப்பசி மழையில் இறங்குகிறவர்.

முதல் பெட்டியின் மூன்றாவது சாகசமான டோல் குல்டூர் கோட்டையிலிருந்து தப்பித்தல், இந்தக் கடுமையின் உச்சம். ஆட்டத் தொடக்கத்தில் நாயகர்களில் ஒருவர் குலுக்கல் முறையில் சிறைப்படுகிறார். முதல் கட்டத்தில் எல்லோரும் சேர்ந்தே சுற்றுக்கு ஒரு துணைவரைத்தான் இறக்கலாம். நால்வர் ஆடினால் 12 நாயகர்களில் 11 பேர் மிச்சம். தனி ஆளுக்கோ மூவரில் இருவர்தான் மிச்சம். ஒரே விதி ஒருவருக்குச் சிராய்ப்பு, இன்னொருவருக்கு எலும்பு முறிவு. ஆள் எண்ணிக்கைக்கு ஏற்பக் கடுமையைச் சமன் செய்வதில் இந்த ஆட்டம் தொடக்கம் முதலே தடுமாறியது. தலைக்கு ஒரு எதிர்ச்சீட்டு என்பது பார்க்க நியாயமான கணக்கு. ஆனால் எத்தனை பேர் ஆடினாலும் ஒரு நேரத்தில் ஒரே இடத்துக்குத்தான் பயணம் போக முடியும். நால்வர் ஆட்டத்தில் சுற்றுக்கு இரண்டு மூன்று இடங்கள் திறந்தால், அவை காத்திருப்பில் குவிந்து அச்சுறுத்தலை ஏற்றிக்கொண்டே போகும். கடைசியில் யாரும் நகர முடியாது. பெரும்பாலான சாகசங்கள் இரண்டு பேருக்கே கச்சிதமாகப் பொருந்துகின்றன.

கட்டைத் தொகுப்பதும் இருமுனைக் கத்தி. ஒரு சாகசத்தில் தோற்று, ஏன் தோற்றோம் என்று யோசித்து, நான்கு சீட்டை எடுத்து வேறு நான்கைச் செருகி மறுபடி முயல்வது, ரசிப்பவர்களுக்குப் பாதி ஆட்டம். வாரத்துக்கு ஒருமுறை கூடும் நண்பர்களுக்கு அது வீட்டுப்பாடம். 2012-இல் வந்த 'ஏர்ஸ் ஆஃப் நூமெனோர்' பெட்டியில் சில கட்டங்களில் மனவுறுதிக்குப் பதிலாகத் தாக்குதல் எண்ணையும், சிலவற்றில் தடுப்பு எண்ணையும் வைத்தே முன்னேற வேண்டும் என்று விதி வந்தது. அதுவரை பாடுபட்டுத் தொகுத்த கட்டுகள் ஒரே நாளில் செல்லாமல் போயின. துணிச்சலான யோசனைதான், மாறாத எதிரியைப் பழகிவிட்டவர்களை மீண்டும் திகைக்க வைக்க வேறு வழியும் குறைவு. ஒரு சாகசத்தின் எதிர்க்கட்டு எத்தனை முறை கலைத்தாலும் அதே சீட்டுகள்தான். பத்து முறை ஆடியவருக்கு அதில் ரகசியம் இல்லை. ஆகவே புதிது புதிதாகச் சாகசங்கள் தேவைப்பட்டன.

அவை வந்தன, ஏராளமாக வந்தன. 2011 முதல் 2020 வரை ஆறு ஆறு பொட்டலங்களாக ஒன்பது தொடர்கள், அவற்றோடு பெரிய பெட்டிகள், நாவல்களையே பின்தொடரும் தனி வரிசை ஒன்று. அதிர்ஷ்டப் பொட்டலம் இல்லைதான். ஆனால் எல்லாவற்றையும் சேர்ப்பவருக்கு ஆன மொத்தச் செலவு சிறிதல்ல. முதல் பெட்டியிலேயே ஒரு சிக்கல் இருந்தது. ஒரு சீட்டுக்கு மூன்று படி வரை வைக்கலாம் என்று விதி சொல்ல, பெட்டியில் பலவற்றுக்கு அத்தனை படி இல்லை. 'அன்எக்ஸ்பெக்டட் கரேஜ்' என்ற அருமையான சீட்டுக்கு ஒரே ஒரு படிதான். மூன்றுபேர் அல்லது நால்வர் ஆடவும் இரண்டாவது பெட்டி வேண்டியிருந்தது. ஒரே பெட்டியை இரண்டாம் முறை, சிலர் மூன்றாம் முறை வாங்கினார்கள். வெளிப்படையான விற்பனை முறை என்ற பெருமைக்கு இது பொருந்தாத செயல்.

ஆட்டத்துக்கு முந்தைய வேலையும் கொஞ்சமல்ல. ஒவ்வொரு சாகசத்தின் எதிர்க்கட்டும் பல சிறு தொகுப்புகளைச் சேர்த்து உருவாவது. ஓரத்திலுள்ள சின்னத்தைப் பார்த்துப் பார்த்துப் பிரித்து அடுக்க வேண்டும், முடிந்ததும் திரும்பப் பிரிக்க வேண்டும். ஏழு கட்டங்கள் கொண்ட ஒரு சுற்றில் எந்தச் சீட்டை எந்த நொடியில் பயன்படுத்தலாம் என்ற நுணுக்கங்களும் புதியவரை மிரட்டும்.

குறைகள் பதிப்பாளர் காதில் விழாமல் இல்லை. எளிய முறை என்று ஒன்று வந்தது: எதிர்க்கட்டிலிருந்து குறிப்பிட்ட கடுஞ்சீட்டுகளை நீக்கிவிட்டு, ஒவ்வொரு நாயகருக்கும் ஒரு வில்லை கூடுதலாகத் தந்து தொடங்கலாம். எதிர்த்திசையில், பழைய சாகசங்களை இன்னும் கடினமாக்கும் 'நைட்மேர்' கட்டுகளும் வந்தன. 2022-இல் வெளியான திருத்திய பெட்டியில் ஆடுபவரின் ஒவ்வொரு சீட்டுக்கும் மூன்று படி. நால்வர் வரை ஒரே பெட்டி போதும். குள்ளர்கள், லோரியனின் எல்ஃபுகள், கோண்டோர், ரோஹன் என நான்கு ஆயத்தக் கட்டுகளும் தனியே விற்பனைக்கு வந்தன. தொகுக்கத் தெரியாதவர் பிரித்த உடனே ஆடலாம். நிழல் சீட்டும் தலைக்கு ஒன்று என்ற கணக்கும் மாறவில்லை. முதல் மூன்று சாகசங்களும் அவையேதான்.

திருத்திய பெட்டியில் சேர்ந்த முக்கியமான பொருள் தொடர்பயண முறை. நாவல் வரிசையில் 2013-இல் 'த பிளாக் ரைடர்ஸ்' பெட்டியோடு முதலில் அறிமுகமானது அது. சாகசங்கள் தனித்தனியாக முடியாமல் சங்கிலியாகத் தொடரும். ஒன்றில் கிடைத்த வரம் அடுத்ததில் ஆடுபவரின் கட்டில் சேரும். ஒன்றில் பட்ட சுமை அடுத்ததில் எதிர்க்கட்டில் புகுந்து காத்திருக்கும். நாவல் வரிசையில் மாண்ட நாயகரின் பெயரைப் பயணப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும்; அந்தப் பயணம் முடியும்வரை அவர் திரும்பி வருவதில்லை. மூளையில்லாத கட்டுக்கு இப்படி ஒரு நினைவு வந்து சேர்ந்தது. அதன் பிறகு ஆண்டுயின் கரையில் பூதத்தின் முன்னால் அரகார்னை நிறுத்தலாமா என்று யோசிப்பவர், நிழல் சீட்டைத் திறப்பதற்கு முன்னால் இன்னும் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்கிறார்.